‘எரிமுறை’: நிலத்தில் நெருப்பு நடக்கும் விதத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

சவானா நிலங்களை, அதாவது புல்வெளியும் இடையிடையே மரங்களும் கொண்ட வெப்பமண்டல நிலங்களைப் பற்றிய கட்டுரையில் ‘ஃபயர் ரெஜீம்’ என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்வி இரண்டு வாரங்களாக நம் முன் இருக்கிறது. ‘தீ ஆட்சி’, ‘தீப்போக்கு’, ‘தீவழக்கு’, ‘எரிபாங்கு’ ஆகியவை இதுவரை வந்துள்ளன. நான் ‘எரிமுறை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். சொல்லைவிடப் பொருளில்தான் நமக்குள் தெளிவு குறைவாக இருப்பதாக எனக்குப் படுவதால், பொருளிலிருந்தே தொடங்குகிறேன்.

> காட்டுத்தீ என்றே எழுதலாமே, எல்லோருக்கும் புரியுமே.

ஐயா, காட்டுத்தீ என்பது ஒரு நாள் நடந்து முடியும் நிகழ்ச்சி. நமக்கு வேண்டிய சொல்லோ, ஒரு நிலத்தில் நெருப்பு பல ஆண்டுகளாக எப்படி வந்து போகிறது என்பதைக் குறிக்க வேண்டும்: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது, எவ்வளவு வெம்மையுடன் எரிகிறது, எவ்வளவு பரப்பைத் தொடுகிறது, புல்லோடு நின்றுவிடுகிறதா மரத்தின் தலைவரை ஏறுகிறதா என்பவை அனைத்தும் அதில் அடங்கும். ஒரு நாள் பெய்த மழையைக் கொண்டு ஓர் ஊரின் பருவமழையைச் சொல்லிவிட முடியாது அல்லவா?

கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதத்தில், அமிர்திக்கு மேலே ஜவ்வாது மலைச் சரிவு ஒன்றில் நடந்தபோது, எரிந்து பத்து நாளான புல்வெளியைப் பார்த்தேன். காலை வைத்தால் கரி ஒட்டியது. குனிந்து ஒரு புல்தூரைப் பிரித்தால், வெளிச்சுற்று கருகிக் கிடக்க, நடுவில் விரல் நீளத்துக்குப் பச்சைத் தளிர் நின்றது. இடையில் ஒரு துளி மழைகூடப் பெய்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த மரங்களில் முழங்கால் உயரம் வரைதான் பட்டை கருத்திருந்தது. மாடு ஓட்டி வந்த பெரியவர், “இந்தத் துளிருக்குத்தான் மாடு இங்க வருது சாமி” என்றார். அங்கே அழிவும் இருந்தது, ஆனால் அழிவு மட்டும் இருக்கவில்லை. புல் தரையும் இடைவெளி விட்ட மரங்களும் கொண்ட நம் வறண்ட இலையுதிர் காடுகள் பலவற்றைச் சவானா என்றே கொள்ள வேண்டும் எனச் சூழலியலாளர் சிலர் வாதிடுவதன் நியாயம் அன்று எனக்கு விளங்கியது.

இனி, மனிதர் நிலத்தைப் பயன்படுத்தும் விதம் மாறினால் நெருப்பு எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்போம். நிலப்பயன்பாடு பெருகினால் தீயும் பெருகும் என்று நம் குழுமத்தில் சிலர் எழுதியிருந்தீர்கள். சவானாக்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. உலகில் ஆண்டுதோறும் எரியும் பரப்பில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. செயற்கைக்கோள் பதிவுகளின்படி, 1998க்கும் 2015க்கும் இடையில் உலகில் எரிந்த பரப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிட்டது. அந்தக் குறைவில் பெரும்பகுதி சவானாக்களிலும் புல்வெளிகளிலும் நேர்ந்ததே. சவானாவில் நெருப்புக்கு எரிபொருள் காய்ந்த புல்தான். வயலும் சாலையும் ஊரும் குறுக்கே வரும்போது புல்லின் தொடர்ச்சி அறுந்துபோகிறது. மந்தை பெருகும்போது எரிய வேண்டிய புல்லை மாடு மேய்ந்துவிடுகிறது. நெருப்பு நின்ற இடத்தில், முன்பெல்லாம் சுவாலைக்குள் அகப்பட்டுத் திரும்பத் திரும்பக் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் சுவாலை உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடுகின்றன. நிழல் விழவிழப் புல் மெலிந்து, சவானா புதர்க்காடாகிறது.

மேய்ச்சலுக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று ஐயுறுவோர் கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியை நினைக்கலாம். கால்நடைகளின் வெக்கை நோய் 1960களில் அங்கே ஒழிந்த பிறகு, இரண்டரை இலட்சம் அளவிலிருந்த ‘வில்டபீஸ்ட்’ என்னும் காட்டுமாடுகள் பத்து இலட்சத்தைத் தாண்டிப் பெருகின. புல் குறைந்தது, தீ குறைந்தது, மரங்கள் கூடின. ஊர் மாடுகளுக்குப் போட்ட தடுப்பூசி ஒரு பெருவெளியின் நெருப்பையே மாற்றியது.

மக்கள் நிலத்தை விட்டு வெளியேறினாலும் நெருப்பு மாறும். ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் நிலத்தில் பழங்குடியினர் வறண்ட பருவத்தின் தொடக்கத்தில், புல் இன்னும் அரை ஈரமாக இருக்கும்போதே, திட்டுத்திட்டாகக் கொளுத்தி வந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அவர்கள் குடியிருப்புகளுக்கு நகர்ந்த பின், வறண்ட பருவத்தின் இறுதியில் பெருந்தீ பரவலாயிற்று. மேற்கு ஆர்னெமில் 2006ஆம் ஆண்டு முதல், ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பழைய பருவத்திலேயே கொளுத்தும் திட்டம் மீண்டும் நடைபெறுகிறது. நமக்கு அருகில், கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலையில், சோலிகர் என்னும் பழங்குடியினர் ‘தரகு பெங்கி’ என்ற பெயரில் சருகு நெருப்பு வைத்து வந்தனர். 1974இல் அது சரணாலயமாகி அவ்வழக்கம் தடைப்பட்ட பின்பே லான்டானா எனப்படும் உண்ணிச்செடி அடர்ந்தது என்பது அவர்களின் உறுதியான கருத்து.

ஆகவே நம் சொல் கூடுதலையும் குறைவையும் ஒருங்கே தாங்க வேண்டும். கையால் வைத்த நெருப்புக்கும் இடி விழுந்து பற்றிய நெருப்புக்கும் பொருந்த வேண்டும். பழி சுமத்தும் ஒலி அதில் இருக்கக் கூடாது. இந்த அளவுகோலில் ‘தீ ஆட்சி’ நிற்காது. அது மூலத்தின் நிழலே தவிரத் தமிழ்ப் பொருள் தருவதில்லை. ‘தீப்போக்கு’ என்றால், அது காலப்போக்கில் மாறுவதை எழுதும்போது ‘தீப்போக்கின் போக்கு’ என்று எழுத நேரும். ‘தீவழக்கு’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் வனச்சரக அலுவலகத்தில் அதைச் சொன்னால் தீ வைத்தவர் மேல் போட்ட வழக்கு என்றே கொள்வார்கள். ‘எரிபாங்கு’ நல்ல ஆக்கம். எனினும் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் பாங்கு என்றால் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் ஒலிதான் முதலில் நினைவுக்கு வரும்.

‘முறை’ என்ற சொல்லை நான் ஏரிப் பாசனத்திலிருந்து எடுத்தேன். நம் பக்கத்து ஏரிகளில் முறைத் தண்ணீர் என்றால், யாருக்கு, எந்த நாளில், எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம் என்ற அனைத்தையும் அந்த ஒரே சொல் குறிக்கிறது. தடவை என்ற பொருளும் ஒழுங்கு என்ற பொருளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. நீருக்குப் பல தலைமுறையாக இவ்வளவையும் சுமந்த சொல் நெருப்புக்கும் சுமக்கும்.

> அப்படியானால் ‘தீமுறை’ என்றே சுருக்கமாக வைக்கலாமே?

அம்மா, தீவினை, தீநெறி என்னும் வரிசையில் ‘தீமுறை’ தீய முறை என்று படிக்கப்பட்டுவிடும். கொல்லை கொளுத்தும் மலைவாழ் மக்களைப் பற்றி எழுதும் இடத்தில் அந்த மயக்கம் அவர்களுக்கு அநீதியாக முடியும். ‘எரி’ என்பதில் அந்த இடர் இல்லை. எரிபொருள் என்ற சொல்லோடு அது குடும்பமாகவும் சேர்கிறது. எரிபருவம், எரியிடைவெளி, எரிந்த பரப்பு, எரிமுறை மாற்றம் என இயல்பாகக் கிளைக்கிறது. இயந்திரப் பொறியியலில் எரிதல் வேறு பொருளில் வரும் என்ற தடை சரியே. கட்டுரையில் முதல் இடத்தில் ‘நிலத்தின் எரிமுறை’ என்று எழுதிவிட்டால் அது தீரும்.

சோதனைக்கு ஒரு வாக்கியம்: “மேய்ச்சல் பெருகியதால் அந்தச் சவானாவின் எரிமுறை மாறியது, எரியிடைவெளி இரண்டு ஆண்டிலிருந்து ஏழு ஆண்டாக நீண்டது.” உரக்கப் படித்துப் பார்த்தேன், தடங்கல் இல்லை.

நெருப்பின் வெம்மையளவுக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் கிட்டவில்லை. ‘எரிவன்மை’ என்று வைத்திருக்கிறேன். ‘எரிவேகம்’ என்றால் தீ பரவும் விரைவோடு குழம்பும். ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ உறவும் பழக்கமும் உள்ளவர்கள், இளஞ்சூட்டில் தவழ்ந்து போகும் நெருப்புக்கும் ஓங்கி எரியும் நெருப்புக்கும் அங்கே வேறு வேறு பெயர் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தால் என் சொல்லை விலக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து