பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி (நல்லூரிலிருந்து ஒரு தாய்):

வணக்கம். என் மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். நான் வர்த்தகப் பிரிவில் படித்தவள். 5 ஐப் பூச்சியத்தால் வகுத்தால் முடிவிலி என்று நாங்கள் மனனம் செய்திருந்தோம். அவளுடைய ஆசிரியரோ அது வரையறுக்கப்படாதது என்றும், 0/0 ஐத் தனியே எடுத்துத் தேறப்பெறாத வடிவம் என்றும் கற்பிக்கிறார். இரண்டுக்கும் விடையில்லை என்றால் பெயர் ஏன் இரண்டு? மாறியை 'ம' என எழுதுகிறேன்: (ம² − 4)/(ம − 2) என்பதில் 2 ஐப் பிரதியிட்டால் 0/0 வருகிறது, ஆனால் கொப்பியில் எல்லை (ம, 2 ஐ நெருங்கும்போது இந்தக் கோவை நெருங்கும் எண்) 4 என்று முடித்திருக்கிறாள். அந்த 4 எங்கிருந்து வந்தது?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி):

அம்மா, உங்களிடம் 12 மாம்பழங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்கு 3 வீதம் அடுக்கினால் 4 பெட்டிகள் வேண்டும். ஒரு பெட்டிக்கு 0 வீதம் அடுக்கினால், எத்தனை பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாலும் பழங்கள் தரையில் அப்படியே கிடக்கும். ஆகவே பொருந்தும் எண் ஒன்றுமே இல்லை. பழமே இல்லாதபோது ஒரு பெட்டிக்கு 0 வீதம் என்றால், ஒரு வெறும் பெட்டி வைத்தாலும் நூறு வைத்தாலும் கணக்குச் சரியே. முன்னதற்கு எந்த எண்ணும் பொருந்தாது, பின்னதற்கு எல்லா எண்ணும் பொருந்தும். இரண்டு பெயர்களுக்குக் காரணம் இதுதான்.

உங்கள் மனனம் புதியதன்று. 628 இல் இந்தியக் கணிதர் பிரமகுப்தர் 0/0 பூச்சியமே என்று எழுதினார். 12 ஆம் நூற்றாண்டில் இன்னோர் இந்தியக் கணிதர் பாஸ்கரர், பூச்சியத்தால் வகுத்த எண்ணை முடிவிலியாகக் கொண்டார். ஆனால் 1 ஐ 0.01 ஆல் வகுத்தால் 100, −0.01 ஆல் வகுத்தால் −100. இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் ஓடும்போது எந்த முடிவிலியைச் சொல்வது?

பதில் 2 (பொறியியல் மாணவர், திருநெல்வேலி):

ஐயாவின் விளக்கத்தில் ஒரு சிறு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். வெறும் வகுத்தலாகப் பார்த்தால் 5/0 உம் 0/0 உம் இரண்டுமே வரையறுக்கப்படாதவைதான். தேறப்பெறாத வடிவம் என்பது எல்லை காணும்போது மட்டும் வரும் பேச்சு: தொகுதியும் பகுதியும் பூச்சியத்தை நோக்கிப் போகின்றன என்ற செய்தி மட்டும் இருந்தால் விடையைத் தீர்மானிக்க முடியாது, அவை எந்த வேகத்தில் போகின்றன என்பதும் தெரிய வேண்டும்.

ஆவணியில் பனையிலிருந்து பழம் விழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால், அது விழும் தூரம் மீற்றரில் ஏறத்தாழ 5 × (செக்கன்)². ஒரு செக்கன் முடியும் கணத்தில் வேகம் என்ன? அடுத்த 0.1 செக்கனில் 1.05 மீற்றர் இறங்குவதால் சராசரி வேகம் 10.5, 0.01 செக்கனுக்குப் பார்த்தால் 10.05. இடைவெளியையே 0 ஆக்கினால் தூரமும் 0, நேரமும் 0. வகுத்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் எண்கள் 10 ஐ நெருங்குவது கண்முன்னே தெரிகிறது. உங்கள் மகளின் 4 உம் இப்படி வந்ததே: ம, 2 ஐ அணுகுமே தவிர 2 ஆகாது, ஆகவே (ம − 2) பூச்சியமன்று. ம² − 4 என்பது (ம − 2)(ம + 2) ஆதலால் அதை வெட்டலாம், மிஞ்சுவது ம + 2, அது 4 ஐ நெருங்கும்.

கணினியிலும் இந்த வேறுபாடு உண்டு. 1985 இல் வந்த மிதவைப்புள்ளி எண் நியமத்தின்படி (கணினி தசம எண்களைக் கையாளும் முறைக்கான பொது விதி) 1/0 முடிவிலி என்றே பதிவாகும். 0/0 'எண் அன்று' என்று பதிவாகும். அம்மாவின் பழைய மனனத்துக்கு அங்கேயாவது இடமிருக்கிறது.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. ரியூசன் குறிப்பில் தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டால் (மாறும் வீதத்தைக் கண்டால்) போதும் என்ற விதி இருக்கிறது. எல்லாக் கணக்குக்கும் அதையே பாவிக்கலாமா?

பதில் 3 (ஓய்வுபெற்ற ஆசிரியர்):

அது லொப்பித்தால் என்ற பிரெஞ்சுக் கணிதர் 1696 இல் அச்சிட்ட நூலில் வந்த விதி; கண்டுபிடித்தவர் சுவிஸ் கணிதர் யோகான் பேர்ணூலி. 0/0 அல்லது முடிவிலி/முடிவிலி வடிவம் வந்திருக்கிறதா என்று பிரதியிட்டுப் பார்க்காமல் அதைத் தொடக்கூடாது. (ம + 1)/(ம + 2) இல் ம பூச்சியத்தை அணுகினால் எல்லை 1/2; பாராமல் வகையிடும் பிள்ளை 1 என்று எழுதும். சைன் ம ஐ ம ஆல் வகுத்து வரும் எல்லையை இவ்விதியால் நிறுவுவதும் முறையன்று, ஏனெனில் சைனின் வகையீட்டைக் காண்பதற்கே அந்த எல்லை முதலில் தேவைப்படுகிறது. மகளை முதலில் காரணிப்படுத்திப் பழகச் சொல்லுங்கள்.