மறு: 'போலிங்', 'டெலிமெட்ரி' – வெள்ளிக்குள் தமிழ்ச் சொல் வேண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து:
வணக்கம். சனிக்கிழமை இங்கே மலேசியாவில் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளுக்கு நெட்வொர்க் சுவிட்ச் (கணினிகளை ஒரே வலையில் இணைக்கும் கருவி) வகுப்பு. வெள்ளிக்கிழமை குறிப்பேடு அச்சுக்குப் போகிறது. 1988-இல் வந்த எஸ்என்எம்பி என்ற நெட்வொர்க் மேலாண்மை முறையில், மேலாண்மைக் கணினி 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சுவிட்சாகக் கூப்பிட்டு 'எத்தனை பைட் போனது?' என்று கேட்கும். அது போலிங். புதிய முறையில் ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். சுவிட்சே சில நொடிக்கு ஒருமுறை கணக்கை அனுப்பிக்கொண்டிருக்கும். அது ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி. முதலாவதற்குப் 'பெரட்டு' என்று எழுதியிருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் கிராணி (எழுத்தர்) பேர் கூப்பிட, வேலையாள் குரல் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதானே.

கோவையிலிருந்து:
ஐயா, பெரட்டு 'பரேட்' என்பதன் திரிபு. ஆங்கிலத்துக்கு மாற்றாக ஆங்கிலமா? 'வினவல்' போதும். மற்றதற்குத் 'தாரை'.

தைப்பிங்கிலிருந்து:
தாரை வடசொல்லாச்சே சார். பெரட்டோ தமிழ்தான் என்று நினைக்கிறேன்: பேர் ஏட்டைப் புரட்டுவதால் புரட்டு, பேச்சில் பெரட்டு. தோசையைப் 'பெரட்டிப் போடு' என்கிறோமே.

கோவையிலிருந்து:
புரட்டு என்றால் பொய்யும்தான் தம்பி. அந்தப் பிள்ளைகள் பெரட்டுக்களத்தைப் பார்த்திருப்பார்களா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:
பார்த்ததில்லை ஐயா, பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வினவலில் எனக்குள்ள குறை வேறு. தரவுத்தளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் அது வினவல்தான். இங்கே உயிரே முறைவைத்து எல்லோரையும் கேட்பதில் இருக்கிறது. இரண்டு கூப்பாட்டுக்கு நடுவே 20 நொடி நெரிசல் வந்து போனால், அது 5 நிமிடச் சராசரிக்குள் கரைந்துவிடும். பழைய முறையின் இந்தப் பலவீனத்தைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும். 'சுற்றுவினவல்' என்றால் ஒத்துக்கொள்கிறேன். மற்றதற்குத் 'தானுரை'.

கோவையிலிருந்து:
சுற்றுவினவல் நன்று. தானுரை ஆகாது. எஸ்என்எம்பியிலேயே 'டிராப்' இருக்கிறது. கோளாறு வந்தால் சுவிட்ச் கேளாமலே சொல்லும். அதுவும் தானுரைதானே?

சுங்கை சிப்புட்டிலிருந்து:
உண்மை, அதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் டிராப்புக்குத் தானுரை, டெலிமெட்ரிக்குத் 'தொடருரை'. சுற்றுவினவலுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பெரட்டு. இப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன்.

தைப்பிங்கிலிருந்து:
அனுப்புங்கள் வாத்தியாரே. ஆனால் நம் ஊர்ச் சொல்லை அடைப்புக்குறிக்குள் வைப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.