லெகோ ஏடி-ஏடி (75288): நடக்கும் நிலையில் கால்கள் விரிந்து மூக்குப் பக்கம் தாழ்கிறது. மாடலின் குறையா, என் செட்டின் குறையா?

பனிக்காலன்:

வணக்கம். லெகோவில் 2020ல் வந்த ஏடி-ஏடி (ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் நான்கு கால் நடை வண்டி), செட் எண் 75288, அதைப் பற்றி விரிவான விமர்சனம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டிய அனுபவம், திறந்து மூடும் பக்கச் சுவர்கள், உள்ளே வீரர்கள் உட்காரும் இடம், வயிற்றுக்கடியில் நூல் இறக்கும் வின்ச், மினிஃபிகர்கள் (சிறு மனிதப் பொம்மைகள்) எல்லாம் எழுதியாயிற்று. கால்கள் பற்றிய பகுதி மட்டும் நகர மறுக்கிறது.

முன் இடது காலும் பின் வலது காலும் முன்னால், மற்ற இரண்டும் பின்னால் என்று நடக்கும் நிலையில் நிறுத்தினால் முதலில் கம்பீரமாக நிற்கிறது. மறுநாள் பார்த்தால் கால்கள் இன்னும் கொஞ்சம் விரிந்து, தலை இருக்கும் பக்கம் தாழ்ந்திருக்கிறது. கீழே விழவில்லை, எதுவும் கழன்று வரவும் இல்லை. நான்கு கால்களையும் நேராக வைத்தால் எத்தனை நாளானாலும் அப்படியே நிற்கிறது. தூக்கிப் பிடித்து ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்த்ததில் முன் வலது கால் மட்டும் மற்ற மூன்றைவிட இலகுவாக ஆடுகிறது. வைத்திருப்பது அலமாரியின் கண்ணாடித் தட்டில்.

செட் புதிதல்ல. பெட்டியில்லாமல், பிரித்துப் பைகளில் போட்ட நிலையில் ஒருவரிடம் வாங்கியது. 1267 பீஸும் இருக்கின்றன, எண்ணிச் சரிபார்த்துவிட்டேன்.

"இந்த மாடலின் கால்கள் பலவீனம்" என்று நான் எழுதினால் அதைப் படித்து ஒருவர் வாங்காமல் விடலாம். "கால்கள் உறுதி" என்று எழுதினால் இன்னொருவர் நம்பி வாங்கலாம். இரண்டில் எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பசை போடாமல் சரிசெய்ய வழி உண்டா?

அரைஸ்டட்:

முதலில் அந்தக் கண்ணாடித் தட்டைச் சந்தேகப்படுங்கள். கால்கள் செங்குத்தாக இருக்கும்போது எடை நேராகக் கீழே இறங்கும், மூட்டுக்கு வேலையே இல்லை. கால் முன்னும் பின்னும் சாய்ந்துவிட்டால் பாதம் வெளிப்பக்கமாக நழுவப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பாதி மூட்டின் இறுக்கம், பாதி தரையின் உராய்வு. மார்பிள் தரையில் விரித்து வைத்த ஏணி எப்படி வழுக்கப் பார்க்குமோ அதே கணக்குதான். கண்ணாடியில் உராய்வு மிகக் குறைவு, ஆகவே மொத்தச் சுமையும் மூட்டின் தலையில் விழுகிறது.

சமையலறை இழுப்பறைகளில் விரிக்கிற ரப்பர் வலை விரிப்பு கடைகளில் கிடைக்கும். நான்கு பாதங்களுக்கும் அடியில் அதை வெட்டிப் போட்டு, அதே நிலையில் மறுபடி நிறுத்திப் பாருங்கள். அப்புறமும் தாழ்ந்தால் மூட்டைப் பார்க்கலாம்.

கோவை கியர்:

தட்டு விஷயம் சரிதான், ஆனால் ஒரு கால் மட்டும் இலகுவாக ஆடுகிறது என்று சொல்கிறாரே, அதற்குத் தட்டு காரணமாக இருக்க முடியாது. ஒரே செட்டில் ஒரே மாதிரி கட்டிய நான்கு கால்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டால், வடிவமைப்பில் குறை என்று சொல்ல இடமில்லை. வடிவமைப்புக் குறை என்றால் நான்கும் தளர வேண்டும், குறைந்தது தலையின் பாரம் விழும் முன்கால்கள் இரண்டுமாவது ஒரே அளவில் தளர வேண்டும்.

நண்பரே, அந்தக் காலைக் கழற்றி லெகோவின் வழிகாட்டிப் புத்தகத்தோடு பீஸ் பீஸாக ஒப்பிடுங்கள். புத்தகம் கையில் இல்லையென்றால் அவர்கள் தளத்தில் பிடிஎஃப் இலவசமாக இருக்கிறது. முக்கியமாகப் பின்களின், அதாவது துளைகளில் செருகிப் பாகங்களை இணைக்கும் சிறு முளைகளின், நிறத்தைப் பாருங்கள். டெக்னிக் (துளை, பின், கியர் கொண்ட லெகோ வகை) பாகங்களில் நிறம் அழகுக்காக வைத்ததல்ல. இரண்டு ஸ்டட் (பிரிக்கின் மேலுள்ள வட்டக் குமிழ், நீளத்துக்கும் அதுதான் அளவு) நீளப் பின்னில் கருப்பு என்றால் உராய்வு உள்ளது, உடம்பில் மெல்லிய வரம்புகள் ஓடும். வெளிர் சாம்பல் என்றால் உராய்வு இல்லாதது, வழுவழுவென்று சுழலும். மூன்று ஸ்டட் நீளத்தில் நீலம் உராய்வு உள்ளது, மணல் நிறம் இல்லாதது. பாதி பின், பாதி ஆக்சில் (அச்சுத் தண்டு) உள்ள பீஸிலும் இதே நீலம், மணல் கணக்குதான். எல்லாம் ஒரே துளையில் பொருந்தும், எண்ணிக்கையிலும் வித்தியாசம் தெரியாது. பழைய செட்டில் ஒரு பின் தொலைந்து, யாரோ கையில் கிடைத்ததைப் போட்டு எண்ணிக்கையைச் சரிசெய்திருந்தால் கால் இப்படித்தான் ஆடும்.

கிளிக் மூட்டுகளையும், அதாவது பல் வைத்துச் சொடுக்கிச் சொடுக்கித் திரும்பும் மூட்டுகளையும், சோதித்துவிடுங்கள். லெகோ கிளிக் ஹிஞ்ச் 22.5 டிகிரிக்கு ஒரு நிறுத்தம், அதாவது முழுச் சுற்றுக்கு 16 நிறுத்தம். பல் தேயாத மூட்டு அந்த இடங்களில் மட்டும்தான் உட்காரும். இரண்டு கிளிக்குக்கு நடுவே விட்டாலும் அப்படியே நின்றுகொண்டால் பல் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

பெட்டிக்குள்பூதம்:

என்னிடமும் 75288 இருக்கிறது, புதிதாக வாங்கியது. மர அலமாரியில் நடக்கும் நிலையில்தான் வைத்திருக்கிறேன். தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்தும் தாழவில்லை. தூசு தட்டும்போது உடம்பைப் பிடித்துத் தூக்குவேன், காலைப் பிடிப்பதில்லை. காலைப் பிடித்துத் தூக்கினால் இடுப்பு மூட்டு தானாகத் திரும்பும்.

ஒரு துளி சூப்பர் குளூ போட்டால் முடிந்துபோகும் வேலைக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று யாராவது சொல்ல வருவார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பசை காய்ந்தபின் அந்தக் கால் ஒரே நிலையில்தான் இருக்கும், பாகங்களும் இனி வேறெதற்கும் உதவாது.

பனிக்காலன்:

நன்றி, எல்லோருக்கும். ரப்பர் விரிப்பு போட்டதும் விரிவது நன்றாகக் குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. முன் வலது பக்கம் மட்டும் இன்னும் இறங்குகிறது.

கோவை கியர் சார், நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. வழிகாட்டியில் கருப்பு பின் காட்டியிருக்கும் இரண்டு இடங்களில் என் செட்டில் வெளிர் சாம்பல் பின். மற்ற மூன்று கால்களிலும் கருப்புதான். கிளிக் மூட்டுகள் எல்லாம் சரியாகச் சொடுக்குகின்றன, நடுவில் எதுவும் நிற்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தக் காலின் உட்புறத்தில் இரண்டு பிளேட்கள் (தட்டையான பீஸ்கள்) சாம்பலாக இருந்தாலும் மற்றவற்றோடு சேரவில்லை, லேசாகப் பழுப்பு கலந்த மாதிரி. வெயிலில் மஞ்சளானதா?

அரைஸ்டட்:

கழற்றி எல்லாப் பக்கமும் பாருங்கள். வெயிலில் மஞ்சளான பீஸ் என்றால் வெளிச்சம் பட்ட முகம் மட்டும் மாறியிருக்கும், மற்றொரு பீஸ் மூடியிருந்த இடத்தில் பழைய நிறம் அப்படியே தெரியும். எல்லா முகமும் ஒரே பழுப்புச் சாம்பல் என்றால் அது பழைய சாம்பல். லெகோ 2004 வாக்கில் தன் சாம்பல் நிறங்களையே மாற்றியது. அதுவரை இருந்தது சற்று பழுப்புச் சாயல் கொண்ட சாம்பல், இப்போது இருப்பது நீலம் கலந்த சாம்பல். 2020ல் வந்த செட்டுக்குள் பழைய சாம்பல் பெட்டியிலிருந்தே வந்திருக்க வழியில்லை.

பனிக்காலன்:

எல்லா முகமும் ஒரே நிறம். அப்படியானால் அந்தக் காலை யாரோ வேறு பீஸ்களை வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கோவை கியர்:

ஆமாம், அந்தச் சாம்பல் பின்களும் அதே கையால்தான் வந்திருக்கும். பழைய லெகோ என்பதால் பிளேட்டில் பயமில்லை, பிடிப்பு நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். வேறு நிறுவனத்தின் நகல் பாகம் கலந்திருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அசல் பிரிக்கில் ஒவ்வொரு ஸ்டட் மேலும் லெகோ என்று பொறித்திருக்கும். ஸ்டட் இல்லாத பாகங்களில் பெரும்பாலும் உட்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

கருப்பு பின்னை உதிரி பாகம் விற்கும் யாரிடமும் வாங்கலாம், மிக மலிவு, எந்த டெக்னிக் செட்டைப் பிரித்தாலும் கை நிறையக் கிடைக்கும். மாற்றும்போது முன்கால்கள் இரண்டிலும் புதுப் பின் போடுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் மறுபடி ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்று நிற்கும்.

பெட்டிக்குள்பூதம்:

காலைப் பிரித்த கையோடு கழுவியும் விடுங்கள். மூட்டுக்குள் போன எண்ணெய்ப் பசையும் தூசும் உராய்வைக் கெடுக்கும். மிதமான சோப்புத் தண்ணீர் போதும், 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டாம் என்று லெகோவே சொல்கிறது. ஸ்டிக்கர் ஒட்டியவை, நூல் சுற்றிய வின்ச் இரண்டையும் தண்ணீரில் போடாதீர்கள். துளைக்குள் ஈரம் முழுக்கக் காய்ந்தபின் கட்டுங்கள்.

பனிக்காலன்:

சரி, மாற்றியாயிற்று. முன்கால்கள் இரண்டிலும் கருப்பு பின், கழுவிக் காயவைத்துக் கட்டினேன். ரப்பர் விரிப்பின் மேல் அதே நடக்கும் நிலையில் அசையாமல் நிற்கிறது. வெறும் கண்ணாடியில் வைத்தால் இப்போதும் லேசாக விரிகிறது, ஆனால் இரண்டு பக்கமும் சமமாக, முன்னைவிட மிகக் குறைவாக.

இனி விமர்சனம். இதை எப்படி எழுதுவது நியாயம்? இன்னொன்று, பெரிய ஏடி-ஏடியோடு ஒப்பிட்டு ஒரு பத்தி சேர்க்க ஆசை. ஒப்பிடலாமா?

கோவை கியர்:

ஒப்பிடுங்கள், ஆனால் கால் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லி ஒப்பிடுங்கள். அந்தப் பெரிய மாடலில், அதாவது 2021 நவம்பரில் வந்த 75313ல், 6785 பீஸ், உயரம் 62 செ.மீ., நீளம் 69 செ.மீ. அந்த எடையை வெறும் உராய்வை நம்பி நிறுத்த முடியாது, அதனால் கால்களில் வார்ம் கியர் வைத்தார்கள். வார்ம் கியரின் சிறப்பு, புரிபோல் இருக்கும் தண்டைத் திருப்பினால் பல்சக்கரம் சுற்றும், ஆனால் பல்சக்கரத்தைத் தள்ளித் தண்டைச் சுற்ற முடியாது. எடை எவ்வளவு அழுத்தினாலும் கால் வைத்த இடத்தில் நிற்கும். அதற்குப் பதிலாக நாம் இழப்பது, நிலையை மாற்ற ஆகும் நேரம். 75288 கையில் எடுத்து விளையாடுவதற்கானது, ஒரு பிள்ளை சட்டென்று காலை மடக்கி நிமிர்த்த வேண்டும். அதில் வார்ம் கியர் வைத்திருந்தால் நான் குறை என்றுதான் எழுதியிருப்பேன்.

2007ல் வந்த 10178 இரண்டிலும் சேராது. மோட்டார் வைத்து உண்மையாகவே நடக்கும் மாடல் அது, கால்களின் கணக்கே வேறு.

இன்னொரு தகவல், எனக்குப் பிடித்தது. 1980ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் இந்த வண்டிகள் பனியில் நடந்ததெல்லாம் சிறு மாடல்களை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்தது. ஃபில் டிப்பெட் போன்ற கலைஞர்கள் செய்த வேலை. வைத்த இடத்தில் நிற்கும் மூட்டு இல்லாவிட்டால் அந்தக் காட்சியே எடுத்திருக்க முடியாது. கால்கள் பற்றிய பகுதியை நீங்கள் இவ்வளவு கவனமாக எழுதுவது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அரைஸ்டட்:

நியாயம் பற்றி: செட் பழையது, பாகங்கள் மாற்றப்பட்டிருந்தன என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கால்களைப் பொறுத்தவரை, கருப்பு பின்களைப் போட்ட பிறகு கண்டதை மட்டும் மாடலின் இயல்பாக எழுதுங்கள். அதாவது, சொரசொரப்பான பரப்பில் நடக்கும் நிலை நிற்கும், வழுக்கும் கண்ணாடியில் கொஞ்சம் விரியும். பெட்டிக்குள்பூதம் புதுசெட்டில் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது, அதையும் கேட்டுச் சேர்க்கலாம். சாம்பல் பின் கதையைத் தனிப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், படத்தோடு. பழைய செட் வாங்குகிறவர்களுக்கு மதிப்பெண்ணைவிட அதுதான் பயன்படும்.

பெட்டிக்குள்பூதம்:

தாராளமாகச் சேர்க்கலாம். என் அலமாரி மரம் என்பதையும் குறிப்பிடுங்கள். இன்று இரவு கண்ணாடியில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன், அதன்பிறகு வெளியிடுங்கள்.