புதுப்பிப்பு: டர்போ ஜீப்புக்கு பிரேக் சர்வோ பொருத்தியாகிவிட்டது

முழு பலத்தோடு மிதித்தால்தான் என் பழைய டர்போ டீசல் ஜீப் நிற்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். மிதிக்கும் காலுக்குத் துணையாகத் தள்ளும் சர்வோவைப் பொருத்தி வேலை முடிந்துவிட்டது. அதன் ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று; அந்த அழுத்த வித்தியாசம்தான் தள்ளுகிறது.

எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயிலிருந்தே வெற்றிடம் எடுக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். டீசலில் அங்கே போதிய வெற்றிடம் கிடையாது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ சுழன்றால் அழுத்தம்தான் ஏறும். அதனால், பின்புறம் வெற்றிட பம்பு உள்ள ஆல்டர்னேட்டரையே (பேட்டரிக்கு மின்சாரம் தரும் கருவி) வாங்கினேன். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஆயில் போகவும் திரும்பவும் வழி வேண்டும். நேரத்தைத் தின்றது அதுதான். வெற்றிடம் வீணாகிவிடாமல் இருக்க, சர்வோ வாயில் ஒருவழி வால்வு கட்டாயம்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சர்வோவைத் தள்ளுவதே அந்தக் காற்று என்பதால் உதவியும் இங்கே குறையும். ஆகவே பெரிய சர்வோவாகக் கேட்டு வாங்கினேன்.

எஞ்சினை அணைத்து, நான்கைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினேன். மிதி காலுக்கடியில் மெல்ல இறங்கியது. சர்வோ வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த நொடியில் கண் கலங்கிவிட்டது!

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். சர்வோ காலின் சிரமத்தைத்தான் குறைக்கும், பிரேக் சூடேறுவதை அல்ல. மசினகுடியில் நிறுத்தியபோது சக்கரங்களில் கருகிய வாடை இல்லை.