ஸ்பேட் இரிகேஷன்: காட்டாற்றுப் பாசனம் என்று வைக்கலாமா? (திஹாமா கட்டுரைக்காக)

அன்புள்ள நண்பர்களுக்கு,

செங்கடலோரத் திஹாமா சமவெளி பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் 'ஸ்பேட் இரிகேஷன்' (மலையிலிருந்து கொஞ்ச நேரமே வரும் வெள்ளத்தைத் திருப்பி வயலில் தேக்கும் பாசனம்) என்பதற்கு என்ன சொல் போடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. வந்த சொற்கள் நான்கு: வெள்ளப் பாசனம், திடீர்வெள்ளப் பாசனம், பெருக்குப் பாசனம், காட்டாற்றுப் பாசனம். நான் கடைசிச் சொல்லின் பக்கம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அங்கே தண்ணீர் எப்படி வருகிறது, யார் கைக்குப் போகிறது என்று பார்க்காமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அரேபியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், மலைக்கும் செங்கடலுக்கும் நடுவே கிடக்கும் தாழ்ந்த நிலம் திஹாமா. யேமன் பகுதியில் மட்டும் சுமார் 400 கி.மீ. நீளம், அகலம் பெரும்பாலும் 30 முதல் 60 கி.மீ. கடலோரத்தில் உவர் படிந்த தரை, அப்புறம் மணல்மேடுகள், அதற்கும் கிழக்கே ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். வெயிலோடு கடல் ஈரமும் சேர்ந்து புழுங்கும். கடலோரத்தில் ஆண்டு மழை 100 மி.மீ. அளவுதான். மலையடிவாரத்துக்குப் போனால் 300, 400 மி.மீ. வரை கிடைக்கும். அதற்கும் மேலே, 3,666 மீட்டர் உயர நபி ஷுஐப் மலை வரை ஏறும் யேமன் உயர்நிலத்தின் மேற்குச் சரிவில்தான் உண்மையான மழை. வசந்தத்தில் ஒரு முறை, கோடையின் பின்பாதியில் ஒரு முறை.

அந்த மழைதான் மவ்ர், சுர்துத், சிஹாம், ரிமா, ஸபீத் ஆகிய பள்ளத்தாக்குகள் வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. தன் தலைமேல் பெய்யாத மழையை நம்பி விதைக்கிறான் திஹாமா விவசாயி. வெள்ளம் சில மணி நேரம் வரும், சில சமயம் ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். பெரும்பாலும் கடலைத் தொடுவதற்கு முன்பே மணலுக்குள் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஆற்றின் குறுக்கே போட்ட மண் கரை தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்ப வேண்டும். உயர்ந்த வரப்புகளுக்குள் தண்ணீரை ஆழமாகத் தேக்கி, ஒரு வயல் நிறைந்ததும் வரப்பை வெட்டி அடுத்த வயலுக்கு விடுவார்கள். ஒன்றிரண்டு முறை நன்றாக நனைந்தால் போதும். வண்டல் மண் பிடித்துவைத்த ஈரத்திலேயே சோளமும் கம்பும் விளைந்துவிடும். சோளத்தை அறுத்த பிறகு, அடித்தட்டையிலிருந்தே மறுபடி துளிர்க்கும் மறுதாம்பும் விடுவார்கள். வெள்ளம் தண்ணீரோடு மண்ணையும் கொண்டுவருவதால் வயலின் மட்டம் ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது. அதனால் தண்ணீர் திருப்பும் இடத்தையும் காலப்போக்கில் மேலே நகர்த்த வேண்டியிருக்கும். இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

> வெள்ளப் பாசனம் எளிமையாக இருக்கிறதே, அதையே வைத்துவிடலாமே?

எளிமைதான், ஐயா. ஆனால் கிணற்று நீரையோ கால்வாய் நீரையோ பாத்தி முழுதும் பரவவிடும் முறைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே வழங்கிவருகிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் வயலில் எப்படிப் பாய்கிறது என்பதை அது சொல்கிறது. நமக்கு வேண்டியது எங்கிருந்து, எப்படி வருகிறது என்பதைச் சொல்லும் பெயர். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் வேளாண்மை படிக்கும் மாணவர் நிச்சயம் குழம்புவார். 'திடீர்' சேர்த்தாலும் எனக்கு உடன்பாடில்லை. அங்கே வெள்ளம் வரும் மணி தெரியாதே தவிர, பருவம் நன்றாகத் தெரியும். யேமனை ஆண்ட ரசூலித் வம்சத்து அல்-அஷ்ரஃப் உமர் 1271-ஆம் ஆண்டுக்குத் தொகுத்த பஞ்சாங்கத்தில் நட்சத்திரங்களோடு உழவுக் காலங்களும் குறிக்கப்பட்டுள்ளன. இத்தனை நூற்றாண்டுகளாகக் காத்திருந்து வாங்கிக்கொள்ளும் தண்ணீரைத் திடீர் என்று சொல்ல மனம் வரவில்லை.

பெருக்குப் பாசனம் காதுக்கு இனிமையான சொல். ஆனால் ஆடிப்பெருக்கு என்றால் ஓடிக்கொண்டிருக்கும் காவிரி பெருகுவது. ஸபீத் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பெருக அங்கே ஓட்டமே இல்லை. காலையில் வெறும் மணல், மாலையில் கல்லையும் மரத்தையும் உருட்டிவரும் செந்நீர், இரண்டு நாள் கழித்து மறுபடி மணல். இதைப் பார்க்கும் தமிழன் வாயில் தானாக வரும் சொல் காட்டாறுதான்.

> பாலைவனத்தில் காடு எங்கே? பொருந்தாது.

அம்மா, காட்டாறு என்று சொல்லும்போது மரங்களா நம் நினைவுக்கு வருகின்றன? கட்டுக்கடங்காமல் மலையிலிருந்து இறங்கி, வந்த வேகத்தில் வற்றிப்போகும் ஆறுதானே. கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்தையும் காடு என்றுதான் சொல்கிறார்கள். பாகிஸ்தானில் சுலைமான் மலையடிவாரத்தில் இதே பாசனத்துக்கு 'ரோத் கோஹி' என்று பெயர். அதுவும் மலை ஆற்றைச் சுட்டும் பெயர்தான். அந்த மக்களுக்கும் ஆறே முதலில் தோன்றியிருக்கிறது.

> வாதி என்ற அரபுச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அரபியில் வாதி என்றால் மழை வந்தால் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கு. தமிழில் வாதி என்றால் வழக்குத் தொடுத்தவர். 'வாதி ஸபீத்' என்று தலைப்பிட்டால் நீதிமன்றச் செய்தி போல இருக்கும். 'ஸபீத் காட்டாறு' என்று எழுதி, அரபுப் பெயரை முதல் வரியில் ஒரு முறை தந்தால் போதும்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தப் பாசனத்தைப் பற்றி எழுதத் தேவையான மற்ற சொற்கள் நம் உழவர்களிடமே இருக்கின்றன. ஆற்றில் மணலும் தழையும் போட்டுக் கட்டும் தற்காலிகத் தடுப்புக்குக் கொரம்பு என்று பெயர். திஹாமாவின் மண் கரைக்கு அதுவே போதும். தலைமடை, கடைமடை என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் ஸபீதின் வரலாற்றை எழுதவே முடியாது.

ஏனென்றால் அந்த ஊரின் வரலாறே தண்ணீர் முறைதான். அப்பாசியக் கலீஃபா அல்-மஃமூன் அனுப்பிய இப்னு ஸியாத் சுமார் 820-இல் ஸபீத் நகரை அமைத்தார். 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை யேமனின் தலைநகராக இருந்தது, கல்விக்குப் பெயர்பெற்றது. கடலிலிருந்து தள்ளி, மழை குறைந்த சமவெளியில் இப்படி ஒரு நகருக்குச் சோறு போட்டது இந்தப் பாசனம். ஜபர்த்தி என்ற சமயப் பெரியவர் வகுத்ததாகச் சொல்லப்படும் பங்கீடு அங்கே சுமார் 600 ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை தலைமடைக்கு, பிறகு செப்டம்பர் நடுப்பகுதி வரை நடுப்பகுதிக்கு, அதன்பின் அக்டோபர் நடுப்பகுதி வரை கடைமடைக்கு. மேலே இருப்பவருக்கே முதல் உரிமை, ஆனால் அந்த உரிமைக்குத் தேதி எல்லை உண்டு.

எழுதி வைத்த முறைக்கு வெளியே ஒரு நியாயமும் இருந்தது. பெருவெள்ளம் வந்தால் மண் கொரம்பு உடையும், தண்ணீர் தானாகவே கீழே போகும். 1970களில் உலக வங்கிக் கடனில் கான்கிரீட் அணைக்கட்டுகள் வந்தன. அவை உடையவில்லை. தலைமடை நிலங்களுக்குச் சிறு வெள்ளமும் பெருவெள்ளமும் சேர்ந்து கிடைத்தன. அங்கே வாழை வந்தது, கடைமடை காய்ந்தது. கூடவே ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீரும் இறங்கிவிட்டது. ஸபீதின் பழைய நகரை யுனெஸ்கோ 1993-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, 2000-இல் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. அங்கே பேசப்படுவது கட்டடங்களைப் பற்றி. எனக்கு அந்தக் கடைமடை வயல்களும் அதே அளவு முக்கியம், கட்டுரையில் அவற்றுக்குத் தனிப் பகுதி வைக்கிறேன்.

மோக்கா துறைமுகம் பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். காபி விளைந்தது மலைச்சரிவுப் படிவயல்களில். திஹாமாவில் பைத் அல்-ஃபகீஹ் சந்தையில் விற்று, மோக்காவில் கப்பல் ஏறியது. கார்ஸ்டன் நீபூரின் டேனிஷ் பயணக்குழு 1763-இல் அந்தச் சந்தையைப் பார்த்திருக்கிறது. இது கட்டுரையில் ஒரு பத்திக்கு மேல் போகாது.

இனி மீதமிருப்பது கடலோர உவர்த்தரை, அரபியில் ஸப்கா. உப்பளம் என்று போட்டால் மனிதர் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கும் இடம் என்று ஆகிவிடும். களர்நிலம் என்றால் வயல் கெட்டுப்போன நிலை. இது கடல்நீரும் நிலத்தடி உவர்நீரும் ஏறி, வெயிலில் காய்ந்து, தானாகவே உப்பு பூத்த தட்டைத் தரை. 'உவர்த்தரை' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்து நண்பர்கள் இப்படிப்பட்ட தரைக்கு வழக்கில் வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன். காட்டாற்றுப் பாசனத்துக்கு மறுப்பு இருந்தாலும் இதே மடலில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.