கண் ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு அடுத்து என்ன புத்தகம் வாசித்துக் காட்டலாம்?

பாளை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு கண்ணிலும் புரை முற்றி, போன மாதம் வலது கண், இந்த மாதம் இடது கண் என்று ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக இருக்கிறாள். புதுக் கண்ணாடி எழுதித் தர இன்னும் சில வாரம் ஆகும், அதுவரை கிட்டத்து எழுத்து மங்கலாகத்தான் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஆனால் வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து அட்டை போட்டுத் தெருவுக்கே படிக்கக் கொடுத்தவள். அவளுக்குப் படிக்காமல் இருக்க முடியவில்லை. அதனால் ராத்திரி கடைசிச் சொட்டு மருந்து விட்டபிறகு நான் சத்தமாக வாசிக்கிறேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். தினமும் ஒரு மணி நேரம், இருபது நாளாக நடக்கிறது. பரீட்சை, வேலை என்று எதற்காகவும் இல்லாமல் நான் புத்தகம் எடுத்து வருடக்கணக்காகிவிட்டது, இப்போது எப்போதடா பொழுது சாயும் என்று நானும் காத்திருக்கிறேன்.

முதலில் எடுத்தது வண்ணநிலவனின் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’. நம்ம பாளையங்கோட்டைத் தெரு, சின்னப் புத்தகம், அதனால் எடுத்தேன். ரெயினீஸ் யாரு என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838ல் இங்கேயே இறந்துபோன ஜெர்மன் பாதிரியார் என்று சொன்னேன். பாதிரியாரை ஐயர் என்பது நம் பக்கத்து வழக்கம் என்பதால் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தக் கதையில் பெரிதாக எதுவும் நடக்காது. ஒரு தெரு, சில வீடுகள், டாரதி, இருதயத்து டீச்சர், அற்புதமேரி, அப்புறம் மழை. அம்மாவுக்குச் சலித்துவிடும் என்று பயந்துகொண்டே வாசித்தேன். மூன்றாம் நாள் காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, “அந்த டீச்சர் வீட்டுல என்ன ஆச்சோ” என்கிறாள், பக்கத்து வீட்டை விசாரிக்கிற மாதிரி. அந்த எழுத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து அவருடைய ‘எஸ்தர்’ கதை. பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்புகிற குடும்பம், நடக்க முடியாத பாட்டி. எஸ்தர் சித்தி என்ன செய்தாள் என்பதைக் கதை வாய்விட்டுச் சொல்லாது. வாசித்து முடித்ததும் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அத்தனை பேரையும் கூட்டிட்டுப் போகணும்லா, அவ வேற என்ன செய்வா?” என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் தூங்க நேரமாகிவிட்டது.

மூன்றாவது புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’. வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கதை. பாதியில் அம்மா, “போதும்ட்டி, மூடி வை” என்றுவிட்டாள். அவளுடைய ஆச்சியின் தங்கச்சி ஒருத்தி அப்படிக் கொழும்புக்குப் போனவளாம், ஒரு கடிதம்கூட வரவில்லையாம். இத்தனை வருடத்தில் அம்மா இதை ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

அடுத்து என்ன வாசிக்கலாம் என்று சொல்லுங்கள். அழவைத்தே கொல்கிற கதை இப்போது வேண்டாம், சப்பென்றும் இருக்கக் கூடாது, வாயால் வாசிக்க நன்றாக வர வேண்டும். விருதுப் பட்டியல் தர வேண்டாம். நீங்கள் சமீபத்தில் ஆசைக்காகப் படித்ததைச் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்றும் சொல்லுங்கள்.

உவரிக்காரன்:

அக்கா, எங்கள் ஊர்க்காரர் ஜோ டி குரூஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ வாசியுங்கள். 2004ல் வந்த நாவல், நான் படித்தது இந்தத் தை மாதம்தான். அப்பா கடலுக்குப் போனவர். அவர் வாயிலிருந்து கேட்ட வாடை, கச்சான் என்ற காற்றுப் பெயர்கள், நீவாடு என்ற நீரோட்டப் பெயர் எல்லாம் அச்சில் பார்த்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். உடைந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு கோத்ரா, சூசை, சிலுவை மூன்று பேரும் நடுக்கடலில் கிடப்பார்கள். அந்தக் கிடப்புக்கு ஊடேதான் ஐம்பது வருடத்து ஊர்க் கதை வரும். அடுத்த அத்தியாயம் கடலா கரையா என்று தெரியாமல் இரவு இரண்டு மணி வரை படித்தேன். ஊரின் பெயர் கதையில் ஆமந்துறை. ஆனால் எந்தச் சந்து, எந்தக் கோயில் மணி என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. காகு சாமியார் வருகிற பக்கங்களை அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

சாரல் வீடு:

உவரித் தம்பி சொன்னது பெரிய புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் நான் தென்காசிப் பக்கம், எனக்கு அந்தக் கடற்கரைப் பேச்சு பிடிபடவே நூறு பக்கம் ஆயிற்று. தனியாகப் படிக்கும்போது பின்னால் போய் ஒரு வரியைத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம், காதால் கேட்கிறவர்களுக்கு அது முடியாது. சாவும் நிறைய. இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். கடல்தான் வேண்டும் என்றால் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ போதும். மணப்பாட்டுக் கரை, வல்லம் என்கிற நாட்டுப் படகுக்கும் லாஞ்சு என்கிற விசைப்படகுக்கும் சண்டை, வீட்டையும் வல்லத்தையும் விற்க மனசு வராத குரூஸ் மிக்கேல். பிலோமிக்குக் காதல் கூடிவராது, ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு யார்மேலும் கசப்பு வராது. நான் இரண்டாவது முறை படித்தது அதற்காகத்தான். என் கல்யாணம் ஒன்று நின்றுபோயிருந்த சமயம் அது, எனக்கு அப்படிக் கசப்பில்லாமல் இருக்க வரவில்லை, பிலோமியைப் பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

சேரன்மகாதேவி மாணவன்:

நாவலே வேண்டாம் அக்கா. தொ. பரமசிவன் ஐயாவின் ‘அறியப்படாத தமிழகம்’ எடுங்கள். நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன், நாளெல்லாம் குறிப்பெடுத்து வெறுத்துப்போய், ஒரு மத்தியானம் சும்மா பிரித்தேன். எல்லாம் சின்னச் சின்னக் கட்டுரை. சம்பளம் என்ற சொல்லில் சம்பா நெல்லும் உப்பளத்து அளமும் இருக்கிறது என்பார். பல்லாங்குழியில் இரண்டு பேரும் சமமான காயோடு தொடங்கி, ஒருத்தர் தோற்று வெறுங்கையோடு நிற்பதைச் சொல்லி, சொத்து ஒரு பக்கம் சேர்வதோடு அதைப் பொருத்திக் காட்டுவார். நான் சின்ன வயதில் எங்கள் ஆச்சியோடு ஆடித் தோற்ற ஆட்டம் அது! அவர் பாளையங்கோட்டைக்காரர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர், 2020 டிசம்பரில் காலமானார். அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் உள்ள நல்ல விஷயம், அம்மா பதில் பேசுவார்கள். “எங்க வீட்டுல அப்படி இல்ல, இப்படித்தான்” என்று சொல்வார்கள் பாருங்கள்.

பாளை மகள்:

தம்பி, நீ சொன்ன பல்லாங்குழியை நேற்றே அம்மாவிடம் சொன்னேன். “ஆட்டத்துல காசி எடுத்தா விட்டதப் பிடிச்சிரலாம்லா, அத ஏன் சொல்லல” என்று கேட்டாள். கட்டுரையை முழுதாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். கடல்புரத்தில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அதையும் எடுத்து வைத்துவிட்டேன். வேறு யாரும்?

டவுண் வாசகர்:

மகளே, புதுமைப்பித்தனைத் துன்பக்கேணியோடு விட்டுவிடாதே. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ வாசி. மெட்ராசுக்கு வந்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்க் காப்பி குடிக்க வைத்து, தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கட்டச் சொல்வார். எனக்கு 71 வயது, எத்தனையாவது தடவை படிக்கிறேன் என்று கணக்கில்லை, போன வாரமும் படித்தேன், போன வாரமும் சிரித்தேன். ‘செல்லம்மாள்’ மட்டும் இப்போது தொடாதே. ஊரை விட்டு மெட்ராசில் கிடக்கிற நோயாளி மனைவி, ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து அவளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற பிரமநாயகம் பிள்ளை. கதை தொடங்கும்போதே அவளுக்கு மூச்சு அடங்கிவிட்டிருக்கும். தமிழில் புருஷன் பெண்டாட்டி பிரியத்தை இப்படி எழுதின கதை வேறு எனக்குத் தெரியாது, என் வீட்டுக்காரி தவறிப்போன வருடம் அதை நான் ஒரு மாதம் கையிலேயே வைத்திருந்தேன். ஆனால் படுக்கையில் இருக்கிறவர்களுக்கு அது வேண்டாம்.

கரிசல்காட்டான்:

எல்லோரும் சொன்னது சரி, ஆனால் ‘வாயால் வாசிக்க வர வேண்டும்’ என்று கேட்டீர்களே, அதற்கு கி. ராஜநாராயணன், நம்ம கி.ரா.தான். 1976ல் வந்த ‘கோபல்ல கிராமம்’. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர், அப்போது எல்லாம் திருநெல்வேலி ஜில்லா, 1986ல்தான் தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது, அதனால் உங்கள் ஊர்க்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாவலில் மங்கத்தாயார் அம்மாள் என்று 137 வயதுக் கிழவி. தெலுங்குச் சீமையிலிருந்து தங்கள் கூட்டம் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டு ராவோடு ராவாக ஓடிவந்ததை, கரிசல் காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்கினதை அவள் சொல்லச் சொல்ல எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கதையே வாயால் சொன்ன கதை, அதைக் கண்ணால் படிப்பதைவிடக் காதால் கேட்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றும். நான் போன கோடையில் இதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் வாசித்தேன். ஆறாவது படிக்கிறவன், துரத்தி வருகிறவர்களிடமிருந்து தப்பிக்க ஆற்றங்கரை மரம் வளைந்து கொடுக்கிற இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நிஜமா என்று கேட்டான். கிழவி நிஜம் என்றுதான் சொல்கிறாள் என்றேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலேயே ஒரு கொலை வரும், காதில் கிடக்கிற பாம்படத்துக்காகத் தனியாக வந்த ஒரு பெண்ணைக் கொல்வான். அதை மட்டும் பகலில் வாசித்துவிட்டு மிச்சத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோ. தர்மனின் ‘சூல்’ நாவலையும் சமீபத்தில் முடித்தேன். கண்மாய், மடை, கலுங்கு என்று ஒரு ஊரே தண்ணீரைச் சுற்றி வாழ்ந்ததை எழுதியிருக்கிறார். நடுவில் தகவல் கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது என்பது என் குறை, ஆனாலும் எங்கள் கண்மாய்க் கரையில் இப்போது நிற்கும்போது அந்த நாவல் இல்லாமல் நிற்க முடியவில்லை. கண்ணாடி வந்தபிறகு அம்மா தானாகப் படிக்கட்டும்.

சாரல் வீடு:

கரிசல் அண்ணாச்சி சொன்னதுதான் சரி, என் ஓட்டும் கோபல்ல கிராமத்துக்கு. கடல்புரத்தில் அப்புறம்.

உவரிக்காரன்:

நானும் ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி வந்ததும் ஆழி சூழ் உலகு அக்கா, மறந்துவிடாதீர்கள்.

பாளை மகள்:

எல்லோருக்கும் நன்றி. கோபல்ல கிராமத்தை மாவட்ட மைய நூலகத்தில் எடுத்து வந்தேன். கரிசல் அண்ணாச்சி சொன்னபடி நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தொடக்கத்தை வாசித்தேன். டவுண் ஐயா சொன்ன கந்தசாமிப் பிள்ளை நாளைக்கு. உங்கள் வீட்டு அக்காவை நினைத்தும் மனசு கனத்தது ஐயா, செல்லம்மாளை எனக்காக மட்டும் ஒரு நாள் படிப்பேன்.

கொலை வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். அம்மா கண்ணை மூடியபடியே தன் காதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம், பாம்படம்னு வந்துச்சே, அந்த வரியை இன்னொருக்க வாசி என்றாள். அப்புறம் அவளே சொல்லத் தொடங்கினாள். அவளுடைய ஆச்சிக்குத் தோளில் இடிக்கிற பாம்படம் கிடந்ததாம், கழற்றி வைக்கிற ராத்திரிகளில் வெற்றிலைப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைப்பாளாம். கொழும்புக்குப் போன தங்கச்சிக்குத் தோணித்துறை வரை வழிச்செலவுக்கு அதில் ஒன்றை விற்றுத்தான் கொடுத்தாளாம், அதற்குப் பிறகு மிச்சம் ஒன்றைக் காதில் போடவே இல்லையாம். அந்த ஒற்றைப் பாம்படம் யாரிடம் போயிற்று என்று கேட்டேன். உங்க பெரிய மாமா கல்யாணத்துல அழிச்சு வளையல் பண்ணினோம், இந்தா இதுதான் என்று கையை நீட்டினாள். சின்ன வயதிலிருந்து நான் பார்க்கிற வளையல் அது. நேற்று பதினோரு பக்கம்தான் வாசித்தோம், மணி நாலாகிவிட்டது, சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டதால் மூடி வைத்தேன்.