செப்சிஸ் நோயாளியின் லாக்டேட், புரோகால்சிடோனின்: எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஐ.சி.யூ. மருத்துவர்:
செப்சிஸ் என்றால் தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினையால் உறுப்புகள் பழுதாவது. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஆள் தேறுவாரா என்று சொல்ல முடியாது. எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் பேசும். லாக்டேட் (உடல் நெருக்கடியில் ரத்தத்தில் ஏறும் ஒரு பொருள்) லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் 2 முதல் 4 மணி நேரத்துக்குள் மறுபடி பாருங்கள். 6.0 இருந்தது 4.5 ஆனால் 25 சதவீதம் இறங்கியிருக்கிறது என்று கணக்கு. 6 மணி நேரத்தில் 10 சதவீதம்கூட இறங்கவில்லை என்றால் பயப்பட வேண்டிய நோயாளி. 2016-இல் வந்த செப்சிஸ்-3 வரையறைப்படி, போதிய திரவம் ஏற்றியும் எம்.ஏ.பி. (சராசரி ரத்த அழுத்தம்) 65-ஐப் பிடிக்க நார்அட்ரினலின் போன்ற, அழுத்தத்தை ஏற்றும் மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் 2-க்கு மேலேயே நின்றால் அது செப்டிக் ஷாக். இறப்பு 40 சதவீதத்தைத் தாண்டும்.

லேப் டெக்னீஷியன்:
டாக்டர், எண்ணுக்கு முன்னால் சாம்பிளைப் பாருங்கள். சாதாரணக் குழாயில் ரத்தம் அரை மணி நேரம் கிடந்தாலே சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை ஏற்றிவிடும். சாம்பல் மூடி ஃபுளோரைடு குழாயில் எடுத்து ஐஸில் வைத்து உடனே அனுப்ப வேண்டும். ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) சிரிஞ்சு என்றால் 15 நிமிடத்துக்குள் மெஷினில் போட்டுவிட வேண்டும். அலகையும் பாருங்கள். சில லேப்களில் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் வரும், 9-ஆல் வகுக்க வேண்டும். 36 என்று பார்த்து யாரும் பதற வேண்டாம், அது 4 மில்லிமோல். ஆனால் 4-உம் லேசான அளவு இல்லை.

ஐ.சி.யூ. செவிலியர்:
டூர்னிக்கே (கையை இறுக்கும் பட்டை) கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லி எடுத்தால் லாக்டேட் பொய்யாக ஏறும். ரிங்கர் லாக்டேட் (லாக்டேட் கலந்த டிரிப் திரவம்) ஓடும் கையிலிருந்து எடுக்கவே கூடாது. இவையும் லாக்டேட்டை ஏற்றும் என்பதால், சால்பியூட்டமால் நெபுலைசேஷன் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து), அட்ரினலின், வலிப்பு இருந்ததா என்று சாம்பிள் சீட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

ஐ.சி.யூ. மருத்துவர்:
சரியாகச் சொன்னீர்கள் சிஸ்டர். அட்ரினலினால் ஏறிய லாக்டேட்டைப் பார்த்து இன்னொரு லிட்டர் திரவம் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதனால் விரலையும் பார்க்க வேண்டும்: ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணாடி ஸ்லைடால் வெளுக்கும்வரை அழுத்தி, 10 விநாடி பிடித்து விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் இன்னும் சரியாகவில்லை.

நுண்ணுயிரியல் மருத்துவர்:
பாக்டீரியத் தொற்றில் ரத்தத்தில் ஏறும் புரோகால்சிடோனினுக்கு அரை ஆயுள் (அளவு பாதியாகும் நேரம்) ஏறக்குறைய 24 மணி நேரம். நோய் கட்டுக்குள் வந்தால் தினமும் பாதியாகக் குறைய வேண்டும். நான்காம் நாளிலும் 80 சதவீதம் இறங்காதவர்களில் இறப்பு அதிகம். அப்படி நின்றால் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல், வடிக்காத சீழ் எங்கே இருக்கிறது, கதீட்டரில் (உடலில் செருகிய குழாயில்) தொற்றா என்று தேடுங்கள். உச்ச அளவிலிருந்து 80 சதவீதம் இறங்கி, அல்லது மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்குக் கீழே வந்து, ஆளும் தேறியிருந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்த யோசிக்கலாம். தொடங்குவதா வேண்டாமா என்பதற்கு இதைக் கேட்காதீர்கள். பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், மலேரியாவிலும் ஏறும், சிறுநீரகம் பழுதானால் மெதுவாகத்தான் இறங்கும்.

லேப் டெக்னீஷியன்:
பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) எண்ணிக்கையிலும் சாம்பிளே ஏமாற்றலாம். திடீரென 40,000 என்று வந்தால் ஸ்மியரில் (கண்ணாடியில் பூசிய ரத்தத்தில்) தட்டணுக்கள் கட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். ஒட்டியிருந்தால் நீல மூடி சிட்ரேட் குழாயில் புதிதாக எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும்.